விளக்குக்கு ஸ்வரம் எழுதினவங்க

கிறிஸ்துமஸ் மரத்தில் முதன்முதலாக மின்விளக்கு கட்டியது எடிசன் என்று பல இடங்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். எடிசன் இல்லீங்க, அவருடைய கூட்டாளி எட்வர்ட் ஜான்சன். 1882 டிசம்பர். நியூயார்க்கில் இருந்த தன் வீட்டு வரவேற்பறையில் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று 80 பல்புகளைக் கையாலேயே ஒயர் போட்டு ஒரு மரத்தில் கட்டினார். இந்த அளவுக்கு நிறையப் பேருக்குத் தெரியும். எனக்கு சுவாரஸ்யமாகப் பட்டது வேறு ஒரு சங்கதி.

அந்த மரம் சும்மா நிற்கவில்லை. அடியில் மோட்டார் வைத்து மெதுவாகச் சுற்ற விட்டிருந்தார். சுற்றச் சுற்ற விளக்குகளும் மாறின. 1884ல் அவர் வைத்த மரத்தில் ஒரு சமயம் வெள்ளை மட்டும், அடுத்து வெள்ளையும் சிவப்பும், அப்புறம் வேறு கூட்டணி. எப்படி? மரத்தோடு சேர்ந்து சுற்றும் செம்புப் பட்டைகள் ஒரு செட்டுக்குப் போகிற கரண்டைத் துண்டித்து அடுத்த செட்டுக்குக் கொடுத்தன. அவ்வளவுதான் டெக்னிக். எது எரியணும், எப்ப எரியணும் என்கிற முழுத் தகவலும் அந்தப் பட்டையை எங்கே வெட்டினார்கள் என்பதில் இருந்தது. இன்றைய பாஷையில் சொன்னால் அந்தச் செம்புதான் புரோகிராம்.

எல்.ஈ.டி. விளக்குகளைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு 1882க்கு ஓடிப் போனதுக்குக் காரணம் இருக்கிறது. விளக்கு எப்படி மாறியது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். விளக்கு எப்படி ஆடணும் என்பதை எழுதி வைக்கிற முறை எப்படி மாறியது என்று எழுதுகிறவர்கள் குறைவு. நம்ம சங்கீதத்தில் ஸ்வரக் குறிப்பு இருக்கே, அந்த மாதிரி ஒன்று விளக்குக்கும் உண்டு. அதை எழுதுகிற மென்பொருள்களைக் கொஞ்ச காலமாக நோண்டிக்கொண்டிருக்கிறேன். அதன் கதைதான் இது. கதை பெரும்பாலும் அமெரிக்காவில், அதுவும் வீட்டு வாசல்களில் நடக்கிறது.

ஜான்சனுக்கு அப்புறம் ரொம்ப காலத்துக்குப் பெரிய மாற்றம் இல்லை. விளம்பரப் பலகைகளில் பல்பு ஓடுகிற மாதிரி காட்டணும் என்றால் மோட்டார் வைத்த உருளை. உருளை மேல் தகடு, தகட்டைத் தொட்டுக்கொண்டு கம்பிகள். டிசைனை மாத்தணுமா, தகட்டை வெட்டு. (திருவிழாவில் சீரியல் செட் ஓடுவதை வாய் பிளந்து பார்த்திருப்பீங்க இல்லையா, அதே குடும்பம்.) பின்னால் உருளை போய் எலக்ட்ரானிக் சர்க்யூட் வந்தது. ஆனாலும் வாசலில் விளக்கு கட்டுகிற சாதாரண ஆளுக்குக் கிடைத்தது கடையில் வாங்கிய டப்பாவும் அதில் இருக்கிற ஏழெட்டு டிசைனும்தான். பட்டனை அமுக்கினால் அடுத்தது. சொந்தமாக ஒன்று எழுத வழியில்லை.

நாடக மேடைக்காரர்கள் பாடு தேவலாம். 1986ல் அமெரிக்க நாடகத் தொழில்நுட்பக் கழகம் டி.எம்.எக்ஸ்.512 என்று ஒரு பொது மொழியை உருவாக்கியது. அதற்கு முன்னால் ஒரு கம்பெனி கட்டுப்பாட்டு மேஜை இன்னொரு கம்பெனி டிம்மரோடு பேசாது. இது வந்தபிறகு ஒரே கேபிளில் 512 சேனல், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை ஒரு எண். 0 என்றால் இருட்டு, 255 என்றால் முழு வெளிச்சம். இந்த எண்களை நினைவில் வச்சுக்கோங்க, பின்னால் தேவைப்படும்.

இப்ப 2004க்கு வருவோம். ஒஹையோ மாநிலத்தில் மேசன் என்கிற ஊர். கார்சன் வில்லியம்ஸ் என்கிற மின் பொறியாளர் தன் வீட்டைச் சுற்றி 16,000 பல்பு கட்டினார். செலவு சுமார் பத்தாயிரம் டாலர். ஒரு தெருவில் நாலு பேர் செய்கிற வேலைதான். வித்தியாசம் எங்கே என்றால், அந்த 16,000 பல்பையும் 88 சேனலாகப் பிரித்து, லைட்-ஓ-ராமா என்கிற சின்ன நிறுவனம் விற்ற கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் கோத்து, டிரான்ஸ்-சைபீரியன் ஆர்க்கெஸ்ட்ரா குழுவின் ஒரு பாட்டுக்கு அட்சரம் பிசகாமல் ஆட வைத்தார். 2005 கடைசியில் அந்த வீடியோ மின்னஞ்சல் மின்னஞ்சலாக உலகம் சுற்றியது. கணினியில் செய்த கிராபிக்ஸ் என்று அடித்துப் பேசியவர்களும் உண்டு. ஒரு பீர் கம்பெனி அதையே விளம்பரமாக எடுத்துப் போட்டது.

பக்கத்து வீட்டுக்காரர்கள் தூங்க வேண்டாமா? அதற்கும் வழி வைத்திருந்தார். ஸ்பீக்கர் கிடையாது. குறைந்த சக்தி எப்.எம். டிரான்ஸ்மிட்டர் ஒன்று. தெருவில் காரை நிறுத்தி ரேடியோவைத் திருப்பினால் பாட்டு கேட்கும். ரொம்ப நாகரிகமான ஏற்பாடு. ஆனால் கார்களுக்கு என்ன செய்வது? 2005 டிசம்பரில் அந்தத் தெருப்பக்கம் ஒரு விபத்து. நெரிசலில் போலீஸ் உள்ளே வரத் திணறியது. மனுஷர் தானாகவே விளக்கை நிறுத்திவிட்டார்.

சரி, அவர் எழுதியது எப்படி? லைட்-ஓ-ராமா மென்பொருளைத் திறந்தால் ஒரு பெரிய கட்டத் தாள். இடமிருந்து வலமாக நேரம். மேலிருந்து கீழாக சேனல்கள். முதல் வரிசை இடதுபக்கப் புதர், இரண்டாவது வலதுபக்கப் புதர், அடுத்தது கூரை ஓரம், அதற்கடுத்தது ஜன்னல்... பாட்டைக் கேட்டுக்கொண்டே ஒவ்வொரு கட்டத்தையும் எரி, அணை, மெதுவாக ஏறு, மெதுவாக இறங்கு, மினுக்கு என்று நிரப்பிக்கொண்டே போகணும். பத்தில் ஒரு நொடிக்கு ஒரு கட்டம் என்று வைத்தால் மூன்று நிமிஷப் பாட்டுக்கு ஒரு வரிசையில் 1,800 கட்டம். 88 வரிசைக்கு 1,58,400. அத்தனையையும் நிரப்பத் தேவையில்லைதான், முக்கால்வாசி காலியாகவே கிடக்கும். ஆனாலும் எது காலியாக இருக்கணும் என்பதையும் ஒருத்தர் உட்கார்ந்து யோசித்தாக வேண்டும். வயலின் வேகம் எடுக்கிற இடத்தில் எல்லா விளக்கையும் போட்டால் அடுத்து கிடார் உறுமுகிற இடத்துக்கு என்ன மிச்சம் இருக்கும்? இது எலக்ட்ரீஷியன் வேலை இல்லை, மிருதங்கக்காரர் வேலை.

அந்தக் காலத்து விளக்குகள் பெரும்பாலும் இழை பல்பு. அதுவும் ஒரு விதத்தில் ஒத்தாசை செய்தது. கரண்டை வெட்டினாலும் இழை சூடு ஆற ஒரு கணம் பிடிக்கும். அதனால் வெடுக்கென்று அணைக்கச் சொன்னாலும் கண்ணுக்கு இதமாகவே அணையும். எல்.ஈ.டி.க்கு அந்த நாகரிகமெல்லாம் தெரியாது. அணை என்றால் அந்த மைக்ரோ நொடியிலேயே அணையும். எல்.ஈ.டி. சரங்களுக்கு மாறியவர்கள் பழைய ஸ்வரத்தை அப்படியே ஓட்டிப் பார்த்துவிட்டு, என்னடா இது வெட்டு வெட்டென்று இருக்கிறதே என்று முழித்தார்கள். இழை சும்மா கொடுத்த மென்மையை இப்போது கட்டம் கட்டமாக எழுதித்தான் வாங்க வேண்டியிருந்தது.

எல்.ஈ.டி.யின் சொந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிடறேன். கண்ணுக்குத் தெரிகிற சிவப்பு 1962ல் ஜெனரல் எலக்ட்ரிக்கில் நிக் ஹோலோன்யாக் கையில் வந்தது. நல்ல வெளிச்சமான நீலத்துக்கு 1993 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஜப்பானில் நிச்சியா நிறுவனத்தில் ஷூஜி நாகமுரா. (அகசாகி, அமானோவோடு சேர்த்து 2014ல் நோபல்.) நீலம் வந்ததும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கலந்து எந்த நிறமும் செய்யலாம். 1997ல் பாஸ்டனில் கலர் கைனடிக்ஸ் என்று ஒரு கம்பெனி தொடங்கி, மூன்று நிற எல்.ஈ.டி.யை சிப் வைத்துக் கலப்பதற்கே காப்புரிமை வாங்கியது. 2007ல் பிலிப்ஸ் அந்தக் கம்பெனியைச் சுமார் 79 கோடி டாலருக்கு வாங்கியது. கட்டடங்கள், பாலங்கள், சூதாட்ட விடுதிகள் எல்லாம் நிறம் மாற ஆரம்பித்தன. வாசலில் ஏணி போட்டு விளக்கு கட்டுகிறவருக்கு அந்த விலை கட்டுப்படியாகாது.

அவருக்குக் கதவைத் திறந்தது சீனாவின் கடைப் பலகைத் தொழில். டபிள்யூ.எஸ்.2811 என்று ஒரு சிப், டோங்குவான் நகரத்து வேர்ல்ட்செமி நிறுவனத்துடையது. ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு சிப். வேலை செய்கிற விதம் எளிமை. ஒரு விளக்குக்கு மூன்று எண், அதாவது 24 பிட். வரிசையில் முதலில் நிற்கிற விளக்கு தனக்கான மூன்று எண்ணை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்தவருக்குத் தள்ளும். அவர் தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளுவார். பந்தியில் இலைக்கு இலை பரிமாறுகிற மாதிரி. முகவரி எல்லாம் தேவையில்லை, உட்கார்ந்த வரிசைதான் முகவரி. ஒரு விளக்குக்கு 30 மைக்ரோ நொடி பிடிக்கும். நொடிக்கு 40 படம் வேணும் என்றால் ஒரு வயரில் 800 சொச்சம் விளக்கு வரை தாங்கும்.

(இந்தச் சரத்தை வாங்கிக் கட்டிப் பார்த்தவங்களுக்கு ஒரு அனுபவம் கட்டாயம் இருக்கும். எல்லாத்தையும் வெள்ளையாக்கினால் சரத்தின் கடைசி விளக்குகள் சிவந்து போகும். பழுது ஒன்றும் இல்லை. முழு வெள்ளையில் ஒரு விளக்கு 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். நீண்ட மெல்லிய வயரில் வோல்ட் குறைந்துகொண்டே போகிறது. நீலத்துக்கும் பச்சைக்கும் மூன்று வோல்ட் அளவு தேவை, சிவப்புக்கு இரண்டே போதும். அதனால் சிவப்பு மட்டும் கடைசி வரைக்கும் தாக்குப்பிடிக்கும். நடுநடுவே மின்சாரம் கொடுத்தால் சரியாகிவிடும்.)

இந்தச் சிப்புகளைக் கடைப் பலகைக்காரர்கள் ஓட்ட வைத்திருந்த மென்பொருள்தான் எல்.ஈ.டி. எடிட். நம்ம ஊரிலும் கடைப் பலகை, கோயில் திருவிழாவில் சாமி உருவம் எரிகிற அலங்காரம் என்று செய்கிறவர்கள் கையில் இதைப் பார்க்கலாம். அதில் முதல் வேலை எந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டி, எந்த சிப் என்று சொல்வது. இரண்டாவது, விளக்குகள் எந்த வடிவத்தில் உட்கார்ந்திருக்கின்றன, ஒயர் எந்த வழியாகப் போகிறது என்று திரையில் வரைவது. மூன்றாவது, அதன் மேல் ஒரு அசையும் படத்தை ஓட விடுவது. மென்பொருள் ஒவ்வொரு விளக்கின் இடத்திலும் படத்தில் என்ன நிறம் இருக்கிறது என்று பார்த்து எண்ணாக்கி எஸ்.டி. கார்டில் கொட்டும். கார்டைப் பெட்டியில் செருகினால் ஓடும். கணினி வேண்டாம்.

அந்த இரண்டாவது வேலை இருக்கே, அதில்தான் மொத்த வரலாறும் திரும்புகிறது என்பது என் கட்சி. கவனிச்சீங்கன்னா வில்லியம்ஸின் கட்டத் தாளுக்குப் புதர் எங்கே இருக்கிறது, கூரை எங்கே இருக்கிறது என்று எதுவும் தெரியாது. அதற்குத் தெரிந்தது வரிசை எண் மட்டும். இங்கே முதல் முறையாக மென்பொருளுக்கு விளக்கின் இடம் தெரிகிறது. ஆனால் எல்.ஈ.டி. எடிட்டுக்குக் காது கிடையாது. பாட்டோடு சேர்ந்து ஆடுவதற்காகச் செய்ததில்லை அது. அமெரிக்க வாசல்காரர்களுக்கு இரண்டும் வேணும்.

ஏன் வேணும் என்றால், கணக்கு கைமீறிப் போயிருந்தது. பத்தாயிரம் விளக்கு கட்டினால் 30,000 சேனல். பழைய கட்டத் தாளில் ஒரு திரைக்கு 40 வரிசை தெரிந்தாலும் கீழே போய்ச் சேர 750 திரை தள்ளணும். நொடிக்கு 40 படம், மூன்று நிமிஷப் பாட்டு என்றால் 21 கோடியே 60 லட்சம் எண்கள். டி.எம்.எக்ஸ். கேபிளில் 512 சேனல் என்று சொன்னேன் இல்லையா, அதில் 170 விளக்குக்கு மேல் ஏறாது. எண்களை அனுப்புகிற சிக்கலை 2009ல் வந்த ஈ1.31 என்கிற தரம் தீர்த்துவைத்தது, டி.எம்.எக்ஸை அப்படியே சாதாரண நெட்வொர்க் கேபிளில் அனுப்பலாம். எழுதுகிற சிக்கல்?

அதைத் தீர்த்தது கம்பெனிகள் இல்லை, பொழுதுபோக்குக்காரர்கள். ஏற்கெனவே கே.சி.ஓக்ஸ் என்பவர் விக்ஸன் என்ற மென்பொருளை எழுதி இலவசமாகக் கொடுத்திருந்தார். பெட்டியைச் சொந்தமாகச் சால்டர் பண்ணிச் செய்கிறவர்கள் அதை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மாட் பிரவுன் என்பவர் எக்ஸ்லைட்ஸ் என்று ஒன்றை ஆரம்பித்திருந்தார். ஷான் மீகன் என்பவர் நட்கிராக்கர் என்ற பெயரில் விளைவுகளை உற்பத்தி செய்கிற புரோகிராம் ஒன்று எழுதினார். 2010களின் முதல் பாதியில் இந்த இரண்டும் ஒன்றாகிப் போனது. அப்படிக் கலந்து வந்த எக்ஸ்லைட்ஸ் இன்றைக்கும் இலவசம், மூல நிரலும் திறந்தே கிடக்கிறது.

நட்கிராக்கர் செய்த காரியத்தை ஒரு உதாரணத்தோடு சொன்னால் புரியும். முற்றத்தில் ஒரு உயரமான கம்பம். அதன் உச்சியிலிருந்து குடைக் கம்பி மாதிரி 16 விளக்குச் சரங்கள் தரைக்கு இறங்குகின்றன. சரத்துக்கு 50 விளக்கு. தூரத்தில் இருந்து பார்த்தால் கிறிஸ்துமஸ் மரம். இந்தக் கூம்பைக் கத்தரித்து விரித்துவிட்டால் என்ன கிடைக்கும்? 16 அகலம், 50 உயரம் உள்ள ஒரு திரை! ஆனால் ஒயர் மிச்சம் பிடிக்க முதல் சரத்தைக் கீழிருந்து மேலே கட்டி, இரண்டாவதை மேலிருந்து கீழே இறக்கியிருப்பார்கள். ஆகவே 50வது விளக்கும் 51வது விளக்கும் உச்சியில் அக்கம்பக்கம். 1ம் 100ம் தரையில் அக்கம்பக்கம். இந்த வளைந்து போகிற கணக்கை ஒரு தடவை சொல்லிக் கொடுத்துவிட்டால் போதும். அப்புறம் சுருள் சுற்று, தீ எரி, பனி கொட்டு, எழுத்து ஓடு என்று கட்டளை கொடுத்தால் எந்த விளக்குக்கு எந்த எண் என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். கட்டத் தாளில் 2,400 வரிசைக்கு பதில் ஒரே ஒரு வரிசை, பெயர் "மரம்". அதில் ஒரு பட்டையை இழுத்து வைத்தால் தீ. நீட்டினால் நீண்ட தீ.

இப்படிப் பொருளுக்குப் பெயர் வைத்ததும் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. ஸ்வரம் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டது. ஜான்சனின் செம்புப் பட்டையை எடுத்து வேறு மரத்தில் மாட்ட முடியாது. வில்லியம்ஸின் 17வது வரிசை அவர் வீட்டில் என்னவோ அதுதான், உங்க வீட்டில் 17வது வரிசை வாழைமரமாக இருக்கலாம். ஆனால் "மரம், சுருள், இந்த நொடியில் இருந்து இந்த நொடி வரை" என்று எழுதினால் அது எந்த வீட்டு மரத்துக்கும் பொருந்தும், 16 சரமோ 32 சரமோ. எழுதினதை இன்னொருத்தருக்குக் கொடுக்கலாம். கொடுத்தார்கள். அப்புறம் விற்கவும் ஆரம்பித்தார்கள். பாட்டுக்கு இவ்வளவு டாலர் என்று, எழுதுவதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் இன்று இருக்கிறார்கள். வாங்கி, உங்க வீட்டுப் பொருள்களோடு ஜோடி சேர்த்து, ஓட விடலாம்.

இதில் எனக்கு இரண்டு மனசு. ஒரு பக்கம், கட்டத் தாளைப் பார்த்துப் பயந்து ஓடியவர்களும் இப்போது குழந்தைகளுக்கு விளக்குக் காட்டுகிறார்கள். எழுதத் தெரிந்தால்தான் பாடலாம் என்று சட்டம் போட்டால் ஊரில் பாட்டே இருக்காது. இன்னொரு பக்கம், ஒரே பாட்டுக்கு, ஒரே இடத்தில், ஒரே சுருள் பத்து ஊர் வாசலில் சுற்றுவதைப் பார்த்தால் 88 வரிசைக்காரர் எழுதிய மௌனங்கள் ஞாபகம் வருகிறது. விளக்கு கூடக் கூட இருட்டுக்கு இடம் குறைந்துவிட்டது. பத்தாயிரம் விளக்கு கட்டினவருக்கு ஒன்பதாயிரத்தை அணைத்து வைக்க மனசு வருமா? வருகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் எழுதினது தனியாகத் தெரிகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. நேரம் வந்ததும் ஓட்டுவதற்குப் பலரும் வைத்திருப்பது ராஸ்பெர்ரி பை என்கிற சின்னக் கணினி. அதற்குள் போகிற கோப்பில் தீயும் இல்லை, சுருளும் இல்லை. படம் படமாக வெறும் எண்கள், எஸ்.டி. கார்டில் இருந்த மாதிரியே. அதை ஓட்டலாம், திருத்துவது பெரும்பாடு. திருத்தணும் என்றால் எழுதின கோப்பு வேண்டும். கடைப் பலகை செய்து கொடுத்தவரிடம் கார்டை மட்டும் வாங்கி வைத்திருப்பவர்கள், ஒரு எழுத்தை மாற்றக்கூட அவரைத்தான் தேடிப் போகணும். எடிட் பண்ணுகிற கோப்பையும் சேர்த்துக் கேட்டு வாங்கி வச்சுக்கோங்க.

என் பங்குக்கு பால்கனிக் கம்பியில் 50 விளக்குச் சரம் நாலு கட்டி வைத்திருக்கிறேன். போன வாரம், யாரோ ஒரு அமெரிக்கர் இலவசமாகக் கொடுத்திருந்த ஒரு பாட்டின் கோப்பை இறக்கி ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தேன். திரையில் ஒரு பக்கம் அவர் வீட்டுப் பொருள்கள்: கூரை, கராஜ் கதவு, நடைபாதைக் கரும்புகள் (மிட்டாய்க் கரும்புங்க, அங்கே வழக்கம்), பெரிய மரம், மேப்பிள் மரம். இன்னொரு பக்கம் என் பொருள்கள்: கம்பி ஒன்று, கம்பி இரண்டு, கம்பி மூன்று, கம்பி நாலு. கூரையைக் கம்பி ஒன்றிலும், பெரிய மரத்தைக் கம்பி இரண்டிலும், கராஜ் கதவை மூன்றிலும், கரும்பை நாலிலும் போட்டேன். மேப்பிள் மரம் மட்டும் மிச்சம். பாட்டில் அதற்குத்தான் நல்ல இடம் எழுதியிருக்கிறார், நடுவில் எல்லாம் அடங்கி அது மட்டும் தனியாக எரியும். கடைசியில் கம்பி நாலை அவிழ்த்து, துளசிச் செடித் தொட்டியைச் சுற்றிக் கட்டி, பெயரை "துளசி" என்று மாற்றிவிட்டேன். மேப்பிள் அதில் உட்கார்ந்துவிட்டது. கரும்புக்குத்தான் இப்போது இடமில்லை :-)